பரேல் கேன்சர் நோயாளிகளுக்குப் பொங்கல் உதவி: பெட்ஷீட், பழம் தவிர வேறென்ன?

செம்பூர்_பால்கனி கேட்டது:

வணக்கம். மும்பை செம்பூர்ல எங்க ஹவுசிங் சொசைட்டியில 26 தமிழ்க் குடும்பம். வருஷா வருஷம் பொங்கலுக்கு ஹால் எடுத்து, கோலப்போட்டி வச்சு, இலை போட்டுச் சாப்பிட்டுக் கலைவோம். இந்த வாட்டி அந்தக் காசைப் பரேல் டாடா மெமோரியல் நோயாளிகளுக்குக் கொடுக்கலாம்னு பேச்சு. 1,20,000 ரூபா வரைக்கும் தேறும்.

ஆனா ஆளுக்கு ஒரு யோசனை. ஒருத்தர் 200 பெட்ஷீட்ங்கறார். ஒருத்தர் ஆப்பிள், திராட்சை, பிரெட் போட்டுப் பொட்டலம். குழந்தைகள் வார்டுக்கு டெடி பொம்மை, அன்னிக்கே சொசைட்டியில ரத்ததான முகாம்னு லிஸ்ட் நீளுது. "டாடா பேர்ல இருக்கற ஆஸ்பத்திரிக்கு நம்ம காசு எதுக்கு"ன்னும் ஒரு குரல். அமெரிக்காவுல செட்டிலான ரெண்டு பேர் நாங்களும் அனுப்பறோம்ங்கறாங்க.

இதுல எது உருப்படியா போய்ச் சேரும், எது குப்பைத்தொட்டிக்குப் போகும்? யாரைப் பார்க்கணும்? ரசீது, வரி விலக்கு எப்படி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பரேல்_பாலம்:

முதல்ல அந்த டாடா கேள்வியை முடிச்சிடுவோம். 1941-ல டாடா அறக்கட்டளை கட்டின ஆஸ்பத்திரிதான். ஆனா 1962-லேர்ந்து மத்திய அரசோட அணுசக்தித் துறைக்குக் கீழ இருக்கு. ஜெனரல் பிரிவுல கட்டணம் வெளியில இருக்கறதை விட ரொம்பக் குறைவு. அதனாலதான் பீகார், உத்தரப் பிரதேசம், வங்காளம், அசாம்னு ரெண்டு நாள் ரயில்ல உட்கார்ந்து வர்றாங்க.

ஆளைச் சாய்க்கறது ஆஸ்பத்திரி பில்லுக்கு வெளியில இருக்கற செலவு. கணக்குப் போட்டுப் பாருங்க: கீமோ பெரும்பாலும் 21 நாளைக்கு ஒரு தடவை, ஆறு தடவைன்னா நாலு மாசம். ரேடியேஷன், நம்ம ஊர்ல "கரண்ட் வைக்கறது"ன்னு சொல்றது, திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் தினமும், பல பேருக்கு ஆறு ஆறரை வாரம். ஒரு நாள் கரண்ட் வைக்க மெஷின்ல படுக்கறது பத்து பதினஞ்சு நிமிஷம். மிச்ச இருபத்திமூணு சொச்சம் மணி நேரம் எங்க இருக்கறது? மும்பை வாடகை உங்களுக்கு நான் சொல்லணுமா. அதான் ஆஸ்பத்திரி மதிலை ஒட்டி ஃபுட்பாத்துல தார்ப்பாய். பாதியில சிகிச்சையை விட்டுட்டு ஊருக்குப் போறவங்க நிறைய பேர் போறதும் இதனாலதான். மருந்து செலவுன்னு நினைப்போம். தங்கற செலவும் கூட வந்தவரோட கூலி போறதும்தான் அதை விடப் பெரிசு.

அதனால என் கணக்குல உங்க பணத்தோட பெரிய பங்கு தங்குமிடத்துக்குப் போகணும். தாதர் கிழக்குல சந்த் காட்கே மகாராஜ் தர்மசாலா இருக்கு. பரேல்லயே நானா பால்கர் ஸ்ம்ருதி சமிதி. குழந்தைகளுக்கு செயின்ட் ஜூட்ஸ், 2006-லேர்ந்து நடத்தறாங்க. குழந்தையும் அப்பா அம்மாவும் சிகிச்சை முடியற வரைக்கும் காசில்லாம தங்கலாம். எல்லாமே நிரம்பி வழியும், ஆஸ்பத்திரி கடிதம் இல்லாம இடம் கிடைக்காது. இவங்களுக்குப் பணமா கொடுங்க. "எங்க பேர்ல கல்வெட்டு, ஃபேன், கட்டில்"னு கேக்காதீங்க. கரண்ட் பில், தண்ணி, துணி துவைக்கற கூலி, துப்புரவு ஆள் சம்பளம் இதுக்குத்தான் யாரும் கொடுக்கறதில்லை.

யாரைப் பார்க்கறது: ஆஸ்பத்திரியோட மெடிக்கல் சோஷியல் வொர்க் பிரிவு, நோயாளிகளுக்கு உதவி ஏற்பாடு பண்ற இடம். வேற எந்த வாசலும் வேண்டாம். குறைஞ்சது மூணு வாரம் முன்னாடி போன் பண்ணி, ரெண்டு பேர் மட்டும் நேர்ல போங்க. எந்தப் பொருள் இப்ப தீர்ந்திருக்கு, எதைக் கொடுத்தா வாங்க மாட்டீங்க, எந்த நாள் எத்தனை மணிக்கு யார் கையில ஒப்படைக்கணும்னு கேளுங்க. ரெண்டாவது கேள்வியை யாருமே கேக்கறதில்லை. அதனாலதான் பண்டிகை அன்னிக்கு டெம்போ வந்து கேட்ல நிக்குது, உள்ள வைக்க இடமில்லைன்னு செக்யூரிட்டி திருப்பறார், கோவத்துல ரோட்டுல இறக்கிக் கொடுத்துட்டுப் போறாங்க. ஒரே ஆளு ஏழு பெட்ஷீட் வாங்குவார், அதுல அஞ்சு சாயங்காலம் விலைக்குப் போகும். அவரைத் திட்டாதீங்க. அவருக்குத் தேவைப்பட்டது பெட்ஷீட் இல்லை, மாத்திரைக்குக் காசு.

ஜனவரி 14, 15-ல கொடுக்கற கூட்டம் நெரியும். பிப்ரவரி ரெண்டாவது வாரம் ஒரு ஈ காக்கா இருக்காது. உங்க தேதியைத் தள்ளி வைங்க.

தனி ஒரு நோயாளிக்குக் கொடுக்கணும்னா கையில ரொக்கமா வேண்டாம். பக்கத்துக் கட்டில்ல அதே வியாதிக்காரர் பார்த்துக்கிட்டு இருப்பார். கேஸ் ஃபைல் நம்பரைச் சொல்லி, சோஷியல் வொர்க்கர் மூலமா ஆஸ்பத்திரி கணக்குலயே கட்டற வழியைக் கேளுங்க. வாட்ஸ்அப்ல வர்ற "அவசர உதவி" செய்திக்கும் இதே அளவுகோல்தான். ஃபைல் நம்பர் இருக்கா, ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்ல செலவு மதிப்பீடு இருக்கா, பணம் போற கணக்கு ஆஸ்பத்திரி பேர்லயா? மூணுல ஒண்ணு இல்லைன்னாலும் அனுப்பாதீங்க, ஃபார்வர்டும் பண்ணாதீங்க.

இன்னொண்ணு. கார்கர்ல இருக்கற ஆக்ட்ரெக் இதே நிறுவனத்தோட இன்னொரு வளாகம். பொங்கல் டெம்போ எல்லாம் பரேல் பக்கம்தான் போகும். உங்களுக்குச் செம்பூர்லேர்ந்து ஹார்பர் லைன்ல மாறாம போகலாம். அங்கயும் கேட்டுப் பாருங்க.

---

கஞ்சித்தண்ணி:

சாப்பாட்டு விஷயம் மட்டும் சொல்றேன்.

கீமோ ஏறி ஏழாம் நாள்லேர்ந்து பதினாலாம் நாள் வரைக்கும் பெரும்பாலானவங்களுக்கு வெள்ளை அணு அடிமட்டத்துல இருக்கும். அப்ப சாதாரணக் கிருமியே போதும் ஐசியூவுல கொண்டு போய்ப் படுக்க வைக்க. நறுக்கின பழம் கூடவே கூடாது. திராட்சை கழுவறது கஷ்டம், காம்புக்கிட்ட பூஞ்சை இருக்கும். ஆப்பிள் தோலோட கடிக்கற பழம். தோலை உரிச்சுத் தின்னற வாழைப்பழம் பரவாயில்லை. "அப்ப ஆரஞ்சு?"ன்னு கேப்பீங்க. கீமோவுல வாய் வெந்து புண்ணா இருக்கறவங்களுக்கு ஆரஞ்சு சுளை வாயில பட்டா மிளகாய்ப்பொடி தடவின மாதிரி. பிரெட் காய்ஞ்சது, தொண்டையில இறங்காது. ஆக அந்தப் பொட்டலத்துல இருக்கற ஒண்ணும் தேறலை. மன்னிக்கணும்.

வார்டுல படுத்திருக்கற நோயாளிக்கு ஆஸ்பத்திரியே டயட் கொடுக்குது, டயட்டீஷியன் பார்த்துப் போடறது. வெளிச் சோறு அவருக்கு வேண்டாம். பட்டினி கிடக்கறது கூட வந்தவர். நோயாளிக்குச் செலவாகட்டும்னு தன் ஒரு வேளையை விட்டுடுவார். சாப்பாடு போடணும்னா அவருக்குப் போடுங்க, அதுவும் தினமும் அன்னதானம் நடத்தற ஒரு அமைப்புக்குப் பணம் கட்டி. நீங்களே சமைச்சு எடுத்துட்டு வந்தா, காலையில ஆறு மணிக்கு வடிச்ச சோறு டிராஃபிக்ல மாட்டி பதினொண்ணரைக்கு இலையில விழும். சமைச்ச சாப்பாடு ரெண்டு மணி நேரத்துக்கு மேல சும்மா வெதுவெதுப்புல இருந்தாலே கிருமி பெருகும். தயிர்சாதம் மும்பை வெயில்ல என்ன ஆகும்னு தெரியும்.

தங்குமிடத்துல சமையலறை இருந்தா மளிகையா கொடுக்கலாம். அரிசி மட்டும் மூட்டையா கொட்டாதீங்க. அங்க இருக்கறவங்கள்ல பாதிக்கு மேல ரொட்டி ஆளுங்க. கோதுமை மாவு, பாசிப்பருப்பு, ரவை, எண்ணெய், டீத்தூள், சர்க்கரை. பாசிப்பருப்பும் அரிசியும் இருந்தா அவங்க கிச்சடின்னு பண்ணிக்குவாங்க, நம்மாளு மிளகு தட்டாம வெண்பொங்கல்னு பண்ணிக்குவார். வாய்ப்புண் இருந்தாலும் இறங்கற சாப்பாடு அது.

அடுத்து யாரும் நினைக்காத கூட்டம்: வாய், தொண்டைப் புற்றுநோய்க்காரங்க. நம்ம நாட்டுல புகையிலை, குட்காவால இது ரொம்ப அதிகம். ஆபரேஷனுக்கப்புறமோ கரண்ட் வைக்கறப்பவோ மூக்கு வழியா குழாய் போட்டிருப்பாங்க. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை 200லேர்ந்து 250 மில்லி, அதுல ஊத்தணும். டிஸ்சார்ஜ் ஆகி தர்மசாலாவுக்கு வந்தப்புறம் அதைச் செய்யறது கூட வந்த அம்மாவோ பொண்டாட்டியோ. அவங்களுக்கு வேணும்: 50 மில்லி ஃபீடிங் சிரிஞ்சு, மெல்லிய கண் வடிகட்டி, அளவு போட்ட கப், மிக்ஸி. மிக்ஸி ஆளுக்கு ஒண்ணு வேண்டாம், மாடிக்கு ஒண்ணு பொதுவா இருந்தா போதும்.

இதுல எங்க தப்பு நடக்குதுன்னா, சத்து ஏறட்டும்னு ராகிக் கஞ்சியைக் கெட்டியா காய்ச்சி ஊத்துவாங்க. குழாய் அடைச்சுக்கும். அடைச்சா பலமா அழுத்துவாங்க, குழாய் நகரும். மறுபடி குழாய் போட அரை நாள் க்யூ. வடிகட்டினப்புறம் கஞ்சி பால் மாதிரி ஓடணும். ஊத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் 30 மில்லி வெறும் தண்ணி விட்டுக் குழாயைக் கழுவணும். மாத்திரையைத் தனியா நைசா பொடிச்சுத் தண்ணில கரைச்சு விடணும், கஞ்சியோட கலக்கக்கூடாது. சில மாத்திரை பொடிக்கவே கூடாது, அதை சிஸ்டர்கிட்ட கேட்டுக்கணும். படுக்க வச்சு ஊத்தக்கூடாது, உட்கார்ந்த நிலையில ஊத்தி அரை மணி நேரம் அப்படியே இருக்கணும். இந்த நாலு வரியை ஹிந்தி, மராத்தி, வங்காளி, தமிழ்ல அச்சடிச்சு சிரிஞ்சோட கொடுத்தீங்கன்னா, 200 பெட்ஷீட்டை விட அது மேல்.

---

நாலாம்_நம்பர்_கட்டில்:

மேல இருக்கறவர் சிரிஞ்சு சொன்னார், நான் தெர்மாமீட்டர் சொல்றேன்.

கீமோ நோயாளிக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் (38 செல்சியஸ்) தொட்டுட்டா அது வீட்டு வைத்தியம் பார்க்கற காய்ச்சல் இல்லை. உடனே கேஷுவாலிட்டிக்குப் போகணும், நடுராத்திரி ஆனாலும். பாரசிட்டமால் போட்டுத் தூங்கினா காய்ச்சல் மறையும், உள்ள நோய்த்தொற்று ஓடிக்கிட்டே இருக்கும், விடியறதுக்குள்ள ரத்த அழுத்தம் விழுந்துடும். கையை வச்சுப் பார்த்து "கொஞ்சம் சூடுதான்"னு விடறவங்கதான் அதிகம், ஏன்னா தெர்மாமீட்டர் கிடையாது. 150 ரூபா சாமான். பாதரச வகை வேண்டாம், உடையும். டிஜிட்டல். கூடவே ஒரு அட்டை: "இந்த எண் வந்தால் மாத்திரை போடாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு". நம்பரைப் பெரிசா சிவப்புல போடுங்க, படிக்கத் தெரியாதவங்களும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பெட்ஷீட்: வார்டுல ஆஸ்பத்திரித் துணிதான் போடுவாங்க. அதை அதிகச் சூட்டுல ப்ளீச் போட்டுத் துவைக்கறது, கலர் பெட்ஷீட் ரெண்டு வெளுப்புல கந்தலாயிடும். தங்குமிடம் கேட்டா மட்டும் வாங்குங்க, அவங்க கட்டில் அளவு கேட்டு.

டெடி பொம்மை: பஞ்சுல தூசி, ஈரம், பூஞ்சை சேரும், துடைச்சுச் சுத்தம் பண்ண முடியாது. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் இருக்கற இடத்துல உள்ள விட மாட்டாங்க. பூங்கொத்தும் அப்படித்தான். துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் பில்டிங் பிளாக், ஆளுக்கு ஒண்ணா சீல் பிரிக்காத கலர் பென்சில், வரையற நோட்டு. கையில ஊசி குத்தி ட்ரிப் ஏறிக்கிட்டிருக்கும், ஒரு கையால விளையாடற மாதிரி பார்த்து வாங்குங்க. பந்து, ஜிக்சா மாதிரி ரெண்டு கையும் கேக்கறது வேண்டாம்.

டே-கேர்ல கீமோ ஏத்தற ஹால் குளுகுளுன்னு ஏசி. நாலஞ்சு மணி நேரம் உட்காரணும். முடி கொட்டின தலையில குளிர் நேரா இறங்கும். மெத்துன்னு பருத்தித் தொப்பி, உள்தையல் உறுத்தாதது. காட்டன் சாக்ஸ். ரெண்டும் சேர்ந்தே நூறு ரூபாய்க்குள்ள முடியும். கம்பளித் தொப்பி அரிக்கும், பாலியஸ்டர் வேர்க்கும்.

வாங்கவே கூடாதது: கொலாஸ்டமி பை, அதாவது ஆபரேஷன்ல வயித்துல போட்ட துளை வழியா வர்ற மலத்தைப் பிடிக்கற பை. நல்ல எண்ணத்துல மொத்தமா வாங்கிடுவாங்க. வயித்துல ஒட்டற அந்தத் தட்டு 45, 57, 70 மில்லிமீட்டர்னு அளவு வச்சு வருது. ஒரு கம்பெனி பை இன்னொரு கம்பெனி தட்டுல மாட்டாது. ஆபரேஷன் ஆன முதல் ஆறு எட்டு வாரத்துக்குள்ள துளை சுருங்கி அளவே மாறிடும். தப்பான அளவு ஒட்டினா மலம் கசிஞ்சு தோல் வெந்துடும். இதுக்குப் பணமா கொடுங்க, அந்தத் துளையைப் பார்க்கற ஸ்டோமா கிளினிக்ல அளவெடுத்து வாங்கிக்கட்டும். பெரியவங்க டயப்பருக்கும் கொஞ்சம் அதே கதைதான்: இடுப்பளவு பார்க்காம எல்லாம் எக்ஸ்எல் வாங்கினா பக்கவாட்டுல ஒழுகும். எம், எல் கலந்து வாங்குங்க. கட்டில்ல விரிக்கற அண்டர்பேட் அளவு பிரச்சினை இல்லாத சாமான், எப்பவும் தேவை.

மிச்ச மருந்து கொடுக்கலாமான்னு அடுத்து யாராவது கேப்பீங்க. அட்டை முழுசா இருந்து, பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் தெரிஞ்சா சில அமைப்புகள் வாங்குவாங்க, கேட்டுட்டுக் கொடுங்க. ஃப்ரிட்ஜ்ல 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள வைக்கற ஊசி எதையும் யாரும் வாங்கக்கூடாது. வீட்டு ஃப்ரிட்ஜ்ல எத்தனை தடவை கரண்ட் போச்சுன்னு ஊசி மருந்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

போட்டோ எடுக்காதீங்க. மொட்டைத் தலைக் குழந்தையோட செல்ஃபி எடுத்து சொசைட்டி குரூப்ல போடற வேலை வேண்டவே வேண்டாம். சாமான் பெட்டியைப் போட்டோ எடுங்க, ரசீதைப் போடுங்க. கணக்குக் காட்ட அது போதும்.

---

செம்பூர்_பால்கனி:

திராட்சையும் டெடியும் இன்னிக்கே லிஸ்டை விட்டுப் போச்சு. நன்றி. ரத்ததான முகாம் பத்தி யாரும் சொல்லலையே? 60, 70 பேர் தயார்.

---

ஓ_நெகட்டிவ்:

70 பேர் ஒரே நாள்ல கொடுக்கறது போட்டோவுக்கு நல்லா இருக்கும்.

கேன்சர் ஆஸ்பத்திரியில பெரிய பஞ்சம் பிளேட்லெட், ரத்தம் உறைய உதவற அணு. கீமோவுல அது சரசரன்னு இறங்கும். பிளேட்லெட் 20லேர்ந்து 24 டிகிரியில, ஆட்டிக்கிட்டே வச்சிருக்கணும், ஆயுசு அஞ்சு நாள்தான். சிவப்பணு ஃப்ரிட்ஜ்ல 35லேர்ந்து 42 நாள் தாங்கும். ஆக பொங்கலுக்கு எடுத்த பிளேட்லெட் ஜனவரி 20-க்கு மேல இல்லை. 70 பேரும் அன்னிக்கே கொடுத்துட்டா ஆம்பிளைகள் 90 நாள், பொம்பளைகள் 120 நாள் மறுபடி முழு ரத்தம் கொடுக்க முடியாது. நடுவுல யாருக்காவது தேவைன்னா உங்க சொசைட்டியே காலி.

நல்ல ஏற்பாடு: ஒரு நோட்டு. வாரத்துக்கு ரெண்டு பேர் பேர். அவங்க முகாமுக்கு வேண்டாம், நேரா ரத்த வங்கிக்குப் போய் மெஷின்ல பிளேட்லெட் மட்டும் கொடுக்கணும். ஒரு கையில ரத்தம் எடுத்து, பிளேட்லெட்டைப் பிரிச்சுக்கிட்டு, மிச்சத்தை உங்க உடம்புக்கே திருப்பி விடுவாங்க. ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் ஆகும். ஒரு ஆள்கிட்ட இப்படி எடுக்கறது, முகாம்ல அஞ்சாறு பேர்கிட்ட சேர்த்தாத்தான் வரும். நோயாளிக்கு ஒரே ஆளோட அணு ஏறினா ஒவ்வாமை வாய்ப்பும் குறைவு.

போறதுக்கு முன்னாடி: மூணு நாளைக்குள்ள ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக்கூடாது, பிளேட்லெட் வேலை செய்யாது. தலைவலி மாத்திரை போட்டதை மறைக்காதீங்க. வெறும் வயித்துல போகாதீங்க. கொடுக்கறவரோட பிளேட்லெட் எண்ணிக்கை குறைஞ்சது ஒன்றரை லட்சம் இருக்கணும். கை நரம்பு தடிமனா இல்லைன்னா திருப்பி அனுப்புவாங்க, வருத்தப்பட வேண்டாம். நடுவுல உதடு மரத்துப் போனா சொல்லுங்க, அது ரத்தம் உறையாம இருக்கச் சேர்க்கற மருந்தால கால்சியம் இறங்கறது. கால்சியம் கொடுத்தா சரியாயிடும்.

ரத்தத்துக்கு விலை கிடையாது. 1998 ஜனவரி 1-லேர்ந்து காசுக்கு ரத்தம் கொடுக்கறதுக்கு நாடு முழுக்கத் தடை. ரத்த வங்கி வாங்கறது பரிசோதனை, பிரிப்புச் செலவுதான்.

ஏப்ரல், மே-ல காலேஜ் லீவு, பாதி மும்பை ஊருக்குப் போயிடும். முகாம் வச்சே ஆகணும்னா அப்ப வைங்க.

---

கணக்கு_நோட்டு:

வரி. சுருக்கமா.

உங்க 26 குடும்பமும் ஒருத்தர் யுபிஐ-க்கு அனுப்பி, அவர் மொத்தமா கட்டினா ரசீது அவர் பேர்லதான் வரும். மிச்ச 25 பேருக்கு ஒண்ணும் இல்லை. அவருக்கோ, இந்தப் பணம் எங்கேர்ந்து வந்ததுன்னு கேள்வி வரலாம். வரி விலக்கு வேணும்ங்கறவங்க தனித்தனியா, நிறுவனக் கணக்குக்கே, பான் நம்பர் கொடுத்துக் கட்டணும். வருஷம் முடிஞ்சதும் அந்த நிறுவனம் நன்கொடைச் சான்றிதழ் கொடுக்கும், அது இல்லாம வரிக் கழிவு இல்லை. ரொக்கமா 2,000-க்கு மேல கொடுத்தா கழிவு கிடையாது. பொருளா கொடுத்தா, அது தெர்மாமீட்டரோ அரிசியோ, கழிவு கிடையாது. புது வரி முறையில இருக்கறவங்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. உங்க சொசைட்டியில பாதிப் பேர் அதுலதான் இருப்பாங்க, அவங்க காசுல பொருள் வாங்குங்க, பழைய முறைக்காரங்க நேரா கட்டட்டும். வேலை முடிஞ்சது.

அமெரிக்கா ரெண்டு பேர்: கையில இந்திய பாஸ்போர்ட்டா, அமெரிக்க பாஸ்போர்ட்டான்னு கேளுங்க. இந்திய பாஸ்போர்ட்னா தாராளமா கொடுக்கலாம். அமெரிக்கக் குடிமகன் ஆயிட்டார்னா, ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குக் கொடுக்கறது) வச்சிருந்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இருக்கற அமைப்பு மட்டும், டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல இருக்கற அதுக்குன்னான கணக்குல வாங்கலாம். உங்க செக்ரட்டரி கணக்குல அவர் பணம் விழக்கூடாது.

---

தொண்ணூறடி_ரோடு:

எல்லாரும் பணம், பொருள்னு சொல்லிட்டீங்க. மொழியை விட்டுட்டீங்க.

தமிழ்நாட்டுலேர்ந்து பரேலுக்கு வர்றவங்க கொஞ்சம்தான், அவங்களுக்குச் சென்னையில அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் இருக்கு. ஆனா தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில்லேர்ந்து வர்ற நம்ம வயசானவங்க, ரோட்டுல பேசற ஹிந்தி தெரியும், டாக்டர் பேசற ஹிந்தி புரியாது. ஆபரேஷனுக்கு முன்னாடி "ஒண்ணும் சாப்பிடாதே"ன்னு சொன்னா சோறு சாப்பிடக்கூடாதுன்னு எடுத்துக்குவாங்க, காலையில ஒரு டீ குடிச்சிட்டு வருவாங்க. பால் போட்ட டீ சோத்துக் கணக்குதான், ஆறு மணி நேரம் வயிறு காலியா இருக்கணும். ஆபரேஷன் தள்ளிப்போகும், அடுத்த தேதிக்கு எத்தனை நாளோ. ஒரு டீயால.

அதனால ரெண்டு மூணு பேர், வாரம் ஒரு காலை, சோஷியல் வொர்க் பிரிவுல பேர் கொடுத்து வாலண்டியரா போங்க. மொழிபெயர்க்கறப்ப சொந்தச் சரக்கு சேர்க்கக்கூடாது. டாக்டர் "இது குணமாக்கற சிகிச்சை இல்லை, வலியைக் குறைக்கற சிகிச்சை"ன்னு சொன்னா, மனசு கேக்காம "சரியாயிடும் பாட்டி"ன்னு மாத்திச் சொல்லிடுவோம். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஊர்ல இருக்கற நிலத்தை விப்பாங்க. சொன்னதைச் சொன்னபடி, பொறுமையா, திருப்பிக் கேட்டுச் சரிபார்த்துச் சொல்லணும். வாட்ச்மேனையோ ஸ்கூல் படிக்கற பேத்தியையோ வச்சு மொழிபெயர்க்கறது நடக்குது. பன்னெண்டு வயசுப் பொண்ணு வாயால பாட்டிக்கு அந்தச் செய்தி போகக்கூடாது.

அதே ஆளுங்க இன்னும் ரெண்டு விஷயம் செய்யலாம். ஒண்ணு, திட்டங்கள். மகாராஷ்டிரா ரேஷன் கார்டு இருந்தா மாநில அரசோட மகாத்மா ஜோதிராவ் புலே மருத்துவத் திட்டம், இல்லைன்னா மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத்துல தகுதி இருக்கான்னு பார்க்கணும். சிகிச்சை தொடங்கறதுக்கு முன்னாடி ஒப்புதல் வாங்கணும். கைக்காசு கட்டிட்டு அப்புறம் கேட்டா பொதுவா திரும்பாது. உங்க நன்கொடை, திட்டம் கொடுக்கற செலவுக்குப் போய் வீணாகக்கூடாது. தனியார் டிரஸ்ட் ஆஸ்பத்திரின்னா, மகாராஷ்டிராவுல பதிவான அறக்கட்டளை ஆஸ்பத்திரிகள் 10 சதவீதப் படுக்கை ஏழைகளுக்கு இலவசமாவும், இன்னொரு 10 சதவீதம் சலுகையிலயும் ஒதுக்கணும்னு சட்டம் இருக்கு, மகாராஷ்டிரா பொது அறக்கட்டளைச் சட்டத்தோட 41 ஏஏ பிரிவு. ரேஷன் கார்டு, தாசில்தார் வருமானச் சான்றோட அங்க இருக்கற சோஷியல் வொர்க்கரைப் பார்க்கணும். கேக்கலைன்னா யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டாங்க.

ரெண்டு, ரயில். சிகிச்சைக்குப் போய் வர்ற கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பர்லயும் மூணடுக்கு ஏசியிலயும் அடிப்படைக் கட்டணம் முழுசா தள்ளுபடி, கூட ஒருத்தருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரி கையெழுத்து போட்ட படிவம் வேணும். நாகர்கோவிலோ கோயமுத்தூரோ போற பெரியவர் இது தெரியாம முழு டிக்கெட் எடுப்பார். படிவம் எழுதிக் கொடுக்கறதே பெரிய தர்மம்.

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகறேன். உங்க சொசைட்டியில கைக்குழந்தைக்காரிகள் இருந்தா, பக்கத்துல சயான் ஆஸ்பத்திரியில தாய்ப்பால் வங்கி இருக்கு. 1989-ல டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினது, ஆசியாவுலயே முதல். தன் குழந்தைக்குப் போக மிஞ்சின பாலைக் கொடுக்கலாம். ரத்தப் பரிசோதனை பண்ணி, பாலை 62.5 டிகிரியில அரை மணி நேரம் சூடாக்கி, உறைய வச்சு, குறைமாசக் குழந்தைகளுக்குக் கொடுப்பாங்க. காசு செலவில்லாத தானம்.

---

செம்பூர்_பால்கனி:

நேத்து மீட்டிங் வச்சோம். இப்போதைக்கு:

தங்குமிட டிரஸ்டுக்கு 45,000. ஆஸ்பத்திரி சோஷியல் வொர்க் பிரிவு சொல்ற நோயாளிகள் கணக்குக்கு 30,000. இந்த ரெண்டையும் பழைய வரி முறைக்காரங்க நேரா கட்டறாங்க. மிச்சத்துல தெர்மாமீட்டர் 100, 15,000. ஃபீடிங் சிரிஞ்சு 200, 8,000. வடிகட்டி 60, 3,000. தொப்பி-சாக்ஸ் 9,000. பாக்கி 10,000 ஜூன்ல மழை ஆரம்பிக்கறப்ப தார்ப்பாய்க்கு எடுத்து வைக்கறோம். பிப்ரவரி ரெண்டாவது வாரம் ஒப்படைப்பு. பிளேட்லெட் நோட்டுல இதுவரைக்கும் 31 பேர். அமெரிக்காக்காரங்க ஒருத்தர் இந்திய பாஸ்போர்ட், இன்னொருத்தர் நேரா ஒரு எஃப்சிஆர்ஏ அமைப்புக்கு.

மொழிபெயர்ப்புக்கு ரெண்டு ரிட்டயர்டு டீச்சர்கள் ரெடி. சரியா இருக்கா?

---

நாலாம்_நம்பர்_கட்டில்:

தார்ப்பாய் காசை மட்டும் கேட்டுட்டுச் செலவு பண்ணுங்க. ஃபுட்பாத்துல கூரை கட்ட விட மாட்டாங்க, மழைக்கு ரெயின்கோட்டும், ஃபைல், எக்ஸ்ரே நனையாம வைக்க ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையும் அதிகம் ஆகும். ரிப்போர்ட் நனைஞ்சா எழுத்து கரையும், மறுபடி வாங்க ஒரு நாள் அலையணும்.

தெர்மாமீட்டர் ஃபாரன்ஹீட் காட்டறதா பார்த்து வாங்குங்க, அட்டையில போடற எண்ணும் அதே அளவுல இருக்கணும். உள்ள இருக்கறது பெரும்பாலும் எல்ஆர்41 பட்டன் பேட்டரி, அதுல ஒரு நூறு தனியா வாங்கித் தங்குமிட ஆபீஸ்ல வைங்க.

சிரிஞ்சு 200 இப்பவே ஆர்டர் போடாதீங்க. 50 மில்லியில ரெண்டு வகை இருக்கு. ஊசி மாட்டற சின்ன முனை சிரிஞ்சு மூக்குக் குழாய்ல நிக்காது, கஞ்சி கழுத்துல வழியும். நீளமா குவிஞ்ச கதீட்டர் முனைதான் வேணும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்"னுவார். ஒரு டஜன் வாங்கி வார்டு சிஸ்டர்கிட்ட காட்டி, சரின்னா மீதியை வாங்குங்க.